ஓடாத கணினியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து என்ன பயன்?

அருங்காட்சியகம் என்றாலே நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது. எழும்பூர் மியூசியத்துக்குப் பள்ளியிலிருந்து வரிசையாகக் கூட்டிப்போன நாளிலேயே டீச்சர் சொல்லிக்கொடுத்த விதி அது: எதையும் தொடாதே. சோழர் காலத்து வெண்கலச் சிலைக்கு அது சரியான விதிதான். சிலை நிற்கிறது, நாம் பார்க்கிறோம். வேறு எதையும் அது செய்யத் தேவையில்லை.

ஆனால், கணினிக்கும் வீடியோ கேமுக்கும் அதே விதி சரிவருமா?

சரிவராது என்கிறது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ‘சென்டர் ஃபார் கம்ப்யூட்டிங் ஹிஸ்டரி’. கணினி வரலாற்றுக்கும் வீடியோ கேம் வரலாற்றுக்குமான அருங்காட்சியகம் இது. கேம்பிரிட்ஜ் போகிறவர்கள் பழைய கல்லூரிகளைப் பார்ப்பார்கள், ஆற்றில் கோல் படகில் போவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு லண்டன் ரயிலைப் பிடிப்பார்கள். இந்த மியூசியம் அந்த வழியில் இல்லை. கோல்ட்ஹாம்ஸ் சாலையில், தொழிற்பேட்டைக் கட்டடம் போன்ற ஓர் இடத்தில் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் ஏதோ கிடங்கு என்றுதான் தோன்றும்.

உள்ளே போனால் வித்தியாசம் உடனே தெரியும். மற்ற மியூசியங்களில் கேட்காத ஒரு சத்தம் இங்கே கேட்கும். ‘பீப்’, ‘டொக் டொக்’, எங்கோ ஒரு மூலையில் ஏதோ வெடிக்கிற சத்தம், ஒரு குழந்தையின் கூச்சல். இங்கே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம், தட்டச்சு செய்யலாம், விளையாடலாம், தோற்றுப்போகலாம்.

கணினி மியூசியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. இன்னும் 40 வருடம் கழித்து, நம் காலத்துக் கணினியையும் கேமையும் இப்படி ஒரு கூடத்தில் வைத்து ஓட்டிக் காட்ட முடியுமா? இப்போது போகிற போக்கைப் பார்த்தால் முடியாது.

<b>ஏன் கேம்பிரிட்ஜ்?</b>

1949 மே 6-ம் தேதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையிலான குழு ‘எட்சாக்’ என்ற கணினியை முதன்முதலாக ஓட்டியது. ஓர் அறையை அடைக்கிற இயந்திரம். சுமார் 3,000 வால்வுகள். நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஒலி அலையாகத் தகவல் அந்தப் பாதரசத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

விஞ்ஞானிகள் கணக்குப் போடக் கட்டிய அந்த இயந்திரத்தில் 1952-ல் சாண்டி டக்ளஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு விளையாட்டை எழுதினார். நாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘எக்ஸ்’, ‘ஓ’ போட்டு ஆடுவோமே, அதேதான். மனிதருக்கு எதிரே ஆடுவது கணினி. கட்டம் ஒரு சிறிய திரையில் தெரியும். எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்பதைப் பழைய டெலிபோனில் இருப்பது போன்ற டயலைச் சுழற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்காக எழுதியதல்ல, மனிதரும் கணினியும் எப்படி உறவாடுவது என்ற முனைவர் பட்ட ஆய்வுக்காக எழுதியது. உலகின் ஆரம்பகால வீடியோ கேம்களில் ஒன்றாக இன்று எண்ணப்படுவது அதுதான்.

அந்த எட்சாக்கை 1958-ல் பிரித்துப் போட்டுவிட்டார்கள். புது இயந்திரம் வந்துவிட்டது, பழசுக்கு இடம் ஏது? நம் வீட்டில் என்ன செய்வோமோ அதையேதான் கேம்பிரிட்ஜும் செய்தது. பிற்பாடு பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் சேர்ந்து எட்சாக்கை முதலிலிருந்து திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் நீண்ட வேலை அது. தூக்கிப் போடுவது ஒரு நாள் வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

<b>தட்டிப் பார்த்தால்தான் தெரியும்</b>

கேம்பிரிட்ஜ் மியூசியத்தில் 1980-களின் வகுப்பறை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். மேசைதோறும் பிபிசி மைக்ரோ கணினி. பிபிசி என்றால் நமக்குத் தமிழோசை. பிரிட்டனில் அந்தத் தலைமுறைக்கு பிபிசி என்பது ஒரு கணினியின் பெயரும்கூட. மக்களுக்குக் கணினி கற்றுத்தரத் தொலைக்காட்சித் தொடர் எடுக்க முடிவு செய்த பிபிசி, அதற்கேற்ற ஒரு கணினியையும் தேடியது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனத்தின் இளைஞர்கள் ஒரு வாரத்துக்குள் மாதிரி இயந்திரத்தைச் செய்து காட்டி ஒப்பந்தத்தைப் பிடித்தார்கள். 1981-ல் விற்பனைக்கு வந்தது. மொத்தம் 15 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1984-85-ல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டமாக 250 பள்ளிகளுக்குப் போனது இதே பிபிசி மைக்ரோதான். பிறகு மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘எஸ்சிஎல் யூனிகார்ன்’ என்ற பெயரில் அதன் இந்திய வடிவத்தைத் தயாரித்தது. இன்று ஐம்பதைத் தாண்டிய சில ஐடி அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய் முதன்முதலில் தொட்ட கணினி எது என்று சொல்வார்கள்.

அந்தக் கணினியின் சுவிட்சைப் போட்டதும் இரட்டைச் சுருதியில் ஒரு ‘பீப்’. உடனே தயார். லோகோ சுற்றுவதில்லை, அப்டேட் கேட்பதில்லை, ‘லாகின் செய்க’ என்பதில்லை. காலியான கறுப்புத் திரையில் ஒரு குறி கண்சிமிட்டும். அவ்வளவுதான். ‘நீ சொல்லு, நான் செய்யறேன்’ என்று காத்திருக்கிறது இயந்திரம். பேசிக் மொழியில் இரண்டு வரி எழுதினால் உங்கள் பெயர் திரை முழுக்க ஓடும். அந்த வகுப்பறையில் உட்காரும் சின்னப் பிள்ளைகள் முதலில் தொடுதிரை என்று நினைத்து விரலால் திரையைத் தேய்ப்பதும், பிறகு விசைப்பலகையைக் கண்டுபிடிப்பதும் வேடிக்கையாக இருக்கும்.

இதைப் புகைப்படத்தில் காட்ட முடியாது. பழுப்பு நிறப் பெட்டி என்பதைத் தவிர படத்தில் ஒன்றும் தெரியாது. வாங்கியவர் கையில் முழு இயந்திரத்தையும் திறந்து கொடுத்த கணினி அது என்பது, தட்டிப் பார்த்தால்தான் உறைக்கும்.

அதே ஊர்க்காரரான கிளைவ் சின்க்ளேரின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இன்னொரு அனுபவம். 1982-ல் வந்தது. 16 கேபி நினைவகத்தோடு 125 பவுண்டு, 48 கேபி என்றால் 175. அழிரப்பர் போன்ற விசைகள். கேம் இருப்பது சாதாரண ஆடியோ கேசட்டில். டேப் ரிக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் துள்ளும், காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம் வரும். ஒரு கேம் ஏறி முடிய ஐந்து நிமிடம்கூட ஆகும். நாலரை நிமிடம் முடிந்த பிறகு ‘டேப் லோடிங் எரர்’ என்று வந்தால், ரீவைண்ட் செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. கேசட்டில் பென்சிலை விட்டு ரீலைச் சுற்றிய தலைமுறைக்கு இந்தப் பொறுமை புரியும். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பும் அந்த கேமின் ஒரு பகுதிதான். போனில் ஒரு எமுலேட்டரைப் போட்டு அதே கேமை அரை நொடியில் திறந்தால், கேம் கிடைக்கும், காத்திருப்பு கிடைக்காது.

<b>22 கேபியில் இரண்டாயிரம் நட்சத்திரங்கள்</b>

1984-ல் பிபிசி மைக்ரோவுக்காக வந்த ‘எலைட்’ என்ற கேமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எழுதியவர்கள் டேவிட் பிராபென், இயன் பெல். இருவரும் அப்போது கேம்பிரிட்ஜில் இளங்கலை மாணவர்கள். விண்கலத்தை ஓட்டிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போய்ச் சரக்கு வாங்கி விற்கும் முப்பரிமாண விளையாட்டு. எட்டு கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், அரசாங்கம், பொருளாதாரம், விலைவாசி.

இத்தனையும் ஏறக்குறைய 22 கேபிக்குள். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா அனுப்பும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூ படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

எப்படி முடிந்தது? அவர்கள் 2,048 நட்சத்திரங்களையும் பட்டியல் போட்டுச் சேமிக்கவில்லை. தொடக்கத்துக்கு மூன்று எண்கள், அதிலிருந்து அடுத்ததைப் பெறும் ஒரு கணக்கு விதி, இவ்வளவுதான் வைத்தார்கள். கோலம் போடும் நம் வீட்டுப் பெண்கள் முழுப் படத்தையும் மனதில் சுமப்பதில்லை. புள்ளிக்கணக்கும் இழுக்கும் முறையும் தெரிந்தால் வாசல் நிறையக் கோலம் வந்துவிடும். எலைட்டின் பிரபஞ்சமும் அப்படி வரைந்ததுதான். அதே விதியை வைத்து 282 லட்சம் கோடி கேலக்ஸிகள்கூடப் போட்டிருக்க முடியும். பதிப்பாளர்கள்தான் ‘இவ்வளவு போட்டால் இது வெறும் கணக்கு என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும்’ என்ற யோசனையில் எட்டோடு நிறுத்தச் சொன்னார்கள். நல்ல யோசனை.

இடப் பற்றாக்குறை எப்படி ஒரு மூளையை வேலை வாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. போனில் ஒரு டார்ச் ஆப் பல எம்பி கேட்கும் காலத்தில் இருக்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தலைகுனியலாம், தப்பில்லை.

<b>உங்கள் போனின் தாத்தா</b>

பிபிசி மைக்ரோவை வடிவமைத்த சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் அடுத்த கணினிக்காகச் சொந்தமாக ஒரு பிராசஸரையே வடிவமைத்தார்கள். பெரிய நிறுவனங்கள் பெரும் பட்டாளத்தை வைத்துச் செய்யும் வேலை. இங்கே ஒரு சிறு குழு. 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து சேர்ந்தது. மாட்டியதும் ஓடியது.

அடுத்து நடந்ததுதான் கதை. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளவுமானியை வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டியது. என்னவென்று தேடினால், சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்றப் பாகங்களிலிருந்து சிக்னல் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே சிப் ஓடிக்கொண்டிருந்தது! செலவைக் குறைக்கச் செய்த எளிமையான வடிவமைப்பு, மின்சாரத்தையும் இப்படி மிச்சம் பிடித்தது. அந்தச் சிப்பின் பெயர் ஏகார்ன் ரிஸ்க் மெஷின், சுருக்கமாக ஆர்ம். பாட்டரியில் ஓடும் கருவிகளின் காலம் வந்தபோது உலகம் அதைத்தான் தேடி வந்தது. நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் போனுக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

சரி, பிராசஸருக்குள் என்னதான் நடக்கிறது? விரல் நகம் அளவுள்ள சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேல் டிரான்சிஸ்டர்கள் இருக்கும்போது பார்க்க வழியே இல்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் நியூமன் என்ற பொறியாளருக்கு இது உறுத்தியிருக்கிறது. 2012-ல் தொடங்கி சுமார் 40 ஆயிரம் பவுண்டு செலவழித்து, வீட்டு அறையிலேயே, தனித்தனி டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து ஒரு பிராசஸரை உருவாக்கினார். பெயர் மெகாபிராசஸர். 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், அரை டன் எடை, 40 ஆயிரத்துக்கும் மேல் டிரான்சிஸ்டர்கள். எங்கெல்லாம் சிக்னல் போகிறதோ அங்கெல்லாம் குட்டி எல்இடி விளக்கு.

அந்த இயந்திரம் இப்போது இந்த மியூசியத்தில் நிற்கிறது. வேகத்தைக் குறைத்துவிட்டு எதிரே நின்றால், ஒரு எண்ணோடு இன்னொரு எண் கூடுவது கண்ணுக்கு முன்னால் விளக்குச் சரமாக நகரும். நினைவகம் வெறும் 256 பைட். அந்த நினைவகத்தின் விளக்குகளையே திரையாக்கி டெட்ரிஸ் விளையாடலாம். இன்ஜினீயரிங் கல்லூரியில் ரிஜிஸ்டர், ஏஎல்யூ என்று நான்கு வருடம் கரும்பலகையில் கட்டம் போட்டுப் படித்தவர்கள் இதன் முன்னால் பத்து நிமிடம் நின்றால், ‘அட, இதுதானா!’ என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

<b>ஓட்டினால் தேயுமே?</b>

நியாயமான கேள்வி. பெரிய மியூசியங்கள் பழைய கணினிகளை அணைத்துக் கண்ணாடிக்குள் வைக்கக் காரணம் சோம்பல் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் பழைய பாகம் எரியலாம். ஒரே ஒரு பிரதிதான் உலகத்தில் இருக்கிறது என்றால் நானும் தொடாதே என்றுதான் சொல்வேன்.

ஆனால், அணைத்து வைத்தால் மட்டும் அவை பத்திரமாக இருக்கின்றனவா? கிடையாது. டிவி மெக்கானிக் ‘கண்டென்சர் போயிடுச்சு சார்’ என்பாரே, அந்தக் கண்டென்சர் சும்மா வைத்திருந்தாலும் காலப்போக்கில் கெட்டுக் கசியும். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் இருக்கும் ஒரு வகைக் கண்டென்சர், பல வருடம் கழித்து சுவிட்ச் போட்டால் புகையோடு வெடிப்பதற்கே பெயர்போனது. கடிகாரத்துக்காக வைத்த சிறு பாட்டரி கசிந்து போர்டையே அரித்துவிடும். டேப் ரிக்கார்டர் பெல்ட் உருகிப் பிசினாகும். பிளாஸ்டிக் மஞ்சளாகும். கண்ணாடிக்குள் இருக்கும் கணினியும் செத்துக்கொண்டுதான் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஓட்டுகிற இடத்தில் கெட்டுப்போனது உடனே தெரியும், ஒருவர் சால்டரிங் அயர்னை எடுப்பார். அப்படிச் சரிசெய்யத் தெரிந்த கைகளும் சேர்ந்தேதான் பாதுகாக்கப்படுகின்றன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 90-களில் நம் வீடுகளுக்கு வந்த வீடியோ கேம் பெட்டிகளில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுப்பார்கள். வாத்து சுடும் கேம் ஞாபகம் இருக்கிறதா? அந்தத் துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால், குறி தப்பவில்லை என்று அர்த்தம். பின்பக்கம் பெருத்த பழைய பிக்சர் டியூப் டிவியில் படம் தாமதமே இல்லாமல் வருவதை நம்பிச் செய்த வித்தை இது. இன்றைய எல்இடி டிவியில் சிறு தாமதம் உண்டு. அதனால் அதே பெட்டி, அதே துப்பாக்கி, அதே கேசட் எல்லாம் இருந்தும் ஒரு வாத்துகூட விழாது. கேமைக் காப்பாற்றினால் போதாது, டிவியையும் காப்பாற்ற வேண்டும்.

இயந்திரத்தை விட்டுவிட்டுத் தகவலை மட்டும் காப்பாற்றலாம் என்று நினைத்தவர்களுக்கு பிபிசியிடமே ஒரு பாடம் இருக்கிறது. 1086-ல் இங்கிலாந்து மன்னர் நாடு முழுவதும் கணக்கெடுத்து எழுதிவைத்த ஆவணம் டூம்ஸ்டே புத்தகம். அதன் 900-வது ஆண்டை ஒட்டி 1986-ல் பிபிசி நவீன டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. பத்து லட்சம் பேர் வரை பங்கெடுத்து எழுதிய ஊர்க் குறிப்புகள், படங்கள், வரைபடங்கள். எல்லாம் தனி வகை லேசர்டிஸ்க்கில். பதினைந்தே வருடத்தில், அதைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், ஆராய்ச்சியாளர்கள் எமுலேட்டர் எழுதிக் காப்பாற்ற வேண்டிய நிலை. தோலில் மையால் எழுதிய 1086-ன் பிரதியை இன்றும் படிக்கலாம்.

<b>வைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத காலம்</b>

கேம்பிரிட்ஜ் கூடத்தில் இருப்பவை எல்லாம் ஒருவர் காசு கொடுத்து வாங்கி, சொந்தமாக வைத்திருந்து, பரணில் போட்டு மறந்து, பிறகு தானமாகக் கொடுக்கக்கூடிய பொருள்கள். இந்த ஒரு காரணத்தால்தான் அப்படி ஒரு மியூசியம் சாத்தியம். நம் கேம்களை அப்படி யார் கொடுப்பார்கள்?

பப்ஜியை எடுத்துக்கொள்வோம். 2020-ல் நம் ஊர் மாடிப்படி, ஹாஸ்டல், பஸ் ஸ்டாண்ட் எங்கும் அதுதான். செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது, அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் சர்வர் இணைப்பைத் துண்டித்ததும் போனில் மிஞ்சியது ஒரு ஐகான் மட்டும்தான். ஊரடங்கு காலத்துத் தமிழ் இளைஞர்களின் வாழ்க்கையை 2060-ல் ஒரு மியூசியம் காட்ட நினைத்தால் எதை ஓட்டிக் காட்டும்? யூடியூப் வீடியோவையா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2014-ல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டன. தனியாக ஆடுவதற்குக்கூட இணைய இணைப்பு கட்டாயம் என்பதால், டிஸ்க் வாங்கியவர்களிடமும் இப்போது இருப்பது பளபளப்பான தட்டு மட்டுமே. அதிலிருந்து கிளம்பிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் விழுந்தன. அவர்கள் கேட்பது காலம் முழுக்க சர்வரை ஓட்டு என்பதல்ல. மூடும்போது, ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான்.

செலவு, உரிமச் சிக்கல், பாதுகாப்பு என்று நிறுவனங்கள் காரணம் சொல்கின்றன. பழைய கேம்களுக்கு அவற்றை வடிவமைக்கும்போதே இப்படி ஒரு வழி யோசிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், நாளை வரப்போகும் கேமுக்கு அந்தச் சாக்கு செல்லாது. கட்டடம் கட்டும்போதே அவசர வழி வைக்கச் சொல்கிறோம், இதற்கும் சொல்லலாம்.

சட்டமும் உதவிக்கு வரவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஓர் ஆய்வில் கண்டறிந்தது. சரி, நூலகங்கள் தாங்கள் பாதுகாக்கும் பழைய கேம்களை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துகாட்ட அனுமதி கொடுங்கள் என்று கேட்டால், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. பொழுதுபோக்குக்கு யாராவது ஆடிவிடுவார்களாம். புத்தகத்தை நூலகத்தில் சந்தோஷத்துக்காகப் படித்தால் யாரும் கேஸ் போடுவதில்லை.

மியூசியங்களே நிரந்தரமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் இணை நிறுவனர் பால் ஆலன் சியாட்டிலில் ‘லிவிங் கம்ப்யூட்டர்ஸ்’ என்ற மியூசியத்தை வைத்திருந்தார். கேம்பிரிட்ஜைப் போலவே தொட்டுப் பார்க்கலாம். பழைய பெரிய கணினிகளை ஓடவிட்டு, வீட்டிலிருந்தே இணையம் வழியாக அவற்றில் வேலை செய்யவும் வழி கொடுத்தார்கள். 2018-ல் அவர் இறந்தார். 2020-ல் கொரோனாவுக்காக மூடிய கதவு திறக்கவே இல்லை. 2024-ல் அவர் சேகரிப்பிலிருந்து பலவற்றை கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் போட்டது. ஸ்டீவ் ஜாப்ஸின் அலுவலகத்தில் இருந்த ஒரு ஆப்பிள்-1 மட்டும் 9 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்குப் போனது. ஒரு கோடீஸ்வரரின் ஆசையை மட்டும் நம்பி நடக்கும் மியூசியத்துக்கு இதுதான் கதி. கேம்பிரிட்ஜ் மியூசியம் அறக்கட்டளையாக, நுழைவுக் கட்டணத்தாலும் நன்கொடையாலும் தன்னார்வலர்களாலும் ஓடுகிறது. பகட்டு குறைவு. எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

<b>நம் பரணில் என்ன இருக்கிறது?</b>

நம் ஊர்க் கதையை யார் சேர்த்து வைக்கிறார்கள்? 90-களில் தமிழ்நாட்டுத் தெருக்களில் இருந்த வீடியோ கேம் கடைகளை நினைத்துப் பாருங்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு. மேரியோவும் கான்ட்ராவும் ஓடும். நிண்டெண்டோ என்ற பெயரே தெரியாமல் நிண்டெண்டோ கேம்களை ஆடி வளர்ந்த தலைமுறை நாம். எல்லாம் அனுமதியில்லாத நகல் பெட்டிகள். ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது சில கேம்களே திரும்பத் திரும்ப. ஓடவில்லை என்றால் கேசட்டை எடுத்து ‘ஃபூ’ என்று ஊதிவிட்டுச் செருகுவோம். நகல் என்பதால் எந்த நிறுவனமும் இதைத் தன் வரலாறு என்று சொல்லிக்கொள்ளாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்க் கணினிக்கும் இதே நிலைதான். யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு அரசு தரப்படுத்த முயன்றது. அதற்கு முன்னும் பின்னும் டிடிபி சென்டர்களில் அடித்த சிற்றிதழ்கள், மலர்கள், திருமண அழைப்பிதழ்கள் எத்தனை ஃபிளாப்பிகளிலும் சிடிகளிலும் கிடக்கின்றன! அந்த ஃபைல் இன்று திறந்தாலும் உரிய எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். ஓலைச்சுவடியைத் தேடி உ.வே.சா. ஊர் ஊராகப் போனார் என்று பாடத்தில் படிக்கிறோம். ஃபிளாப்பியைத் தேடிப் போக யாரும் இல்லை. பழைய கணினிக்கு நமக்குத் தெரிந்த ஒரே முகவரி பழைய இரும்புக் கடை.

பிரிட்டனுக்கு வேலைக்கோ படிக்கவோ போயிருப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் கேம்பிரிட்ஜ் போய்வரலாம். எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம், இணையதளத்தில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால் அரை நாள் ஒதுக்குங்கள், கிளப்பிக்கொண்டு வருவது கஷ்டம்.

இங்கேயே இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரோ வீடியோ கேம் பெட்டியோ இருந்தால் உடனே பிளக்கில் செருகிவிடாதீர்கள். வேலை தெரிந்த ஒருவர் பவர் சப்ளையைப் பார்த்த பிறகு செருகலாம். உள்ளே பாட்டரி இருந்தால் அதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், கசிய ஆரம்பித்தால் முதலில் போவது போர்டுதான். கேசட்டுகளின் மேல் கையால் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் கிழிக்காமல் அப்படியே விடுங்கள்.